வரல, வரலாம், வர லா

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் எழுதுகிற ஆள் இல்லை. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறு வருடம், பிறகு கோலா சிலாங்கூரில் மூன்றாம் படிவம் வரை, அவ்வளவுதான் என் படிப்பு. நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் கழிப்பறைக்குப் போவது போல நழுவிவிடுவேன். நான் ஒன்பது வருடம் வேன் ஓட்டிய ரத்தச் சுத்திகரிப்பு நிலையத்தில் இந்த வருடம் ஒரு சிறப்பு மலர் போடுகிறார்கள். அதற்காக சிஸ்டர் பத்மா என்னைக் கூப்பிட்டு, வாட்சப் குழுவை எப்படிப் பயன்படுத்துவது என்று நோயாளிகளின் வீட்டாருக்கு நாலு குறிப்பு எழுதித் தரச் சொன்னார். "உங்களவிட யாருக்கு மணியம் இது தெரியும்?" என்றார். அது பாராட்டா வேறு ஏதாவதா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

நாலு குறிப்பு எழுதியும் பார்த்தேன். முதல் குறிப்பு, செய்தியைச் சுருக்கமாக எழுதவும். நாலாவது குறிப்பு, எதையும் சுருக்கி எழுத வேண்டாம். இரண்டுமே உண்மைதான். இரண்டையும் ஒரே தாளில் எப்படிக் கொடுப்பது என்று தெரியாததால், குறிப்புகளை விட்டுவிட்டு நடந்ததை எழுதுகிறேன். படிக்கிறவர்கள் வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

வேனுக்கு வருவதற்கு முன் இருபத்திரண்டு வருடம் செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டினேன். வெட்டிய குலைகளை எண்ணெய் ஆலைக்குக் கொண்டுபோய்க் கொட்டுவது. குலைகளிடம் பேச வேண்டியதில்லை. அந்த வேலை எனக்குப் பொருத்தமாக இருந்தது. தோட்டம் கைமாறியபோது லோரியும் போனது. பிறகுதான் இந்த வேன்.

எங்கள் நிலையத்தை ஆட்கள் "ரத்தம் கழுவுற இடம்" என்று சொல்வார்கள். சிறுநீரகம் போனவர்களுக்கு வாரத்தில் மூன்று நாள், நாலு மணி நேரம் இயந்திரம் ரத்தத்தைச் சுத்தம் செய்யும். சிலர் திங்கள், புதன், வெள்ளி. சிலர் செவ்வாய், வியாழன், சனி. ஒரு முறை தவறினால் உடம்பில் நீர் கட்டும். இரண்டு முறை தவறினால் மூச்சு வாங்கும். அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை. காலை நாலே முக்காலுக்குக் கிளம்பி, பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தோட்டங்கள் வரை போய் ஐந்து பேரை ஏற்றி, ஆறரைக்குள் நிலையத்தில் இறக்க வேண்டும்.

முதல் இரண்டு வருடம் ஒவ்வொருவருக்கும் போன் போட்டுத்தான் வருகிறாரா இல்லையா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். விடியுமுன் ஒரு வீட்டுக்குப் போன் போட்டு, தூக்கக் குரலில் வரும் "யாரு?"க்குப் பதில் சொல்வது எனக்குப் பெரிய வேதனை. சிஸ்டர் வாட்சப் குழு தொடங்கியபோது, எனக்காகவே தொடங்கியதாக நினைத்துக்கொண்டேன். இனி வாயைத் திறக்க வேண்டாம்.

சிஸ்டர் பத்மா அரசாங்க மருத்துவமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகு இங்கே பொறுப்பேற்றவர். சட்டையில் ஒரு சின்னக் கடிகாரம் தலைகீழாகத் தொங்கும். யாரையும் அதட்டி நான் பார்த்ததில்லை. எது சொன்னாலும் முழுதாகக் கேட்டு, தலையை ஒரே ஒரு தடவை ஆட்டுவார். குழுவிலும் அதே பழக்கம்தான். எந்தச் செய்திக்கும் ஆங்கிலத்தில் "Noted" என்று எழுதி ஒரு முற்றுப்புள்ளி வைப்பார். அதற்குச் சரி என்று பொருளா, பார்த்தேன் என்று பொருளா, பிறகு பேசுவோம் என்று பொருளா என்று இத்தனை வருடத்தில் நான் கேட்டதில்லை.

குழுவுக்கு அவர் வைத்த முறைகள் இவை. காலை நாலரையிலிருந்து ஏழு வரை வேன் பற்றிய செய்தி மட்டும். வணக்கம், ரோஜாப்பூ, சாமி படம், கிட்னிக்கு நல்ல இலை, எதுவும் அந்த நேரத்தில் கூடாது. இது முக்கியமாக காதர் பாய்க்காகப் போட்ட சட்டம். கோலா சிலாங்கூரில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர், திங்கள் புதன் வெள்ளி ஆள். ஒவ்வொரு விடியலிலும் எல்லாருக்கும் ஒரு பூ அனுப்பாவிட்டால் அவருக்குக் கடை திறந்த மாதிரி இருக்காது. அடுத்து, நோயாளியின் வீட்டார் வருவார் அல்லது வரமாட்டார் என்று எழுத வேண்டும். நான் கட்டைவிரல் படம் போட வேண்டும். ஒவ்வொருவரும் ஏறியதும் பெயரும் நேரமும் எழுத வேண்டும்.

யாரும் சொல்லித் தராத ஒரு முறையும் இருந்தது. நோயாளி யாராவது இறந்துவிட்டால், வேன் வீணாகப் போகக்கூடாது என்று சிஸ்டர் முதலில் எனக்குத்தான் சொல்வார். நான் குழுவில் கைகூப்பும் படம் ஒன்றைப் போடுவேன். பிறகு பெயரை எழுதுவேன். அதற்குமேல் என்ன எழுதுவதென்று எனக்குத் தெரியாது. அதன்பிறகு மற்றவர்கள் இரங்கல் எழுதுவார்கள். குழு தொடங்கியதிலிருந்து அப்படிப் பதினொரு முறை போட்டிருக்கிறேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

இனி சின்னையா அண்ணன் விஷயம்.

சின்னையா அண்ணன் பெஸ்தாரி ஜெயாவுக்கு அப்பால், செம்மண் சாலையில் இருபது நிமிடம் உள்ளே போகவேண்டிய ஒரு தோட்டத்தில் தனியாக இருந்தார். செவ்வாய், வியாழன், சனி ஆள். அவரிடம் இருந்தது பழைய பொத்தான் போன். குழுவில் இருந்தவர் அவருடைய மகள் கோமதி. புக்கிட் செந்தோசாவில் குடியிருந்துகொண்டு ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தது அந்தப் பெண். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அப்பாவுக்குப் போன் போட்டு எழுப்பி, குழுவில் எழுதிவிட்டுப் போகும். உள்ளே போய்விட்டால் போன் லாக்கரில்தான். அதன் குரலை நான் கேட்டதே கிடையாது.

ஒரு வியாழக்கிழமை அண்ணனுக்குக் காய்ச்சல். இயந்திரத்தில் இரண்டு மணி நேரத்துக்குமேல் படுக்க முடியவில்லை. பாதியில் இறக்கிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை மாலை நான் குழுவில், நாளை அவர் வருவாரா என்று கேட்டு எழுதினேன். பதில் சனிக்கிழமை காலை நாலு நாற்பதுக்கு வந்தது.

"Appa vara la."

எங்கள் குழுவில் எல்லாரும் தமிழை ஆங்கில எழுத்தில்தான் எழுதுவார்கள். எனக்குத் தமிழ் எழுத்துதான் நன்றாக வரும். ஆனால் மலாய்ப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு அதைப் படிக்கத் தெரியாது. ஆகவே நானும் அப்படியே எழுதப் பழகிவிட்டேன்.

அப்பா வரல. நான் அப்படித்தான் வாசித்தேன். முந்தாநாள்தான் காய்ச்சல், இன்றைக்கு வரவில்லை, பொருத்தமாகத்தான் இருந்தது. கட்டைவிரல் போட்டேன். உடனே சிஸ்டரிடமிருந்து நோட்டட் வந்தது, புள்ளியோடு. சிஸ்டரே நோட்டட் போட்டுவிட்டார், பிறகென்ன.

அன்று நல்ல மழை. வேனின் கண்ணாடி துடைப்பான் ஒரு பக்கம் வேலை செய்யவில்லை. அந்தச் செம்மண் சாலை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். மற்ற நாலு பேரை ஏற்றிக்கொண்டு நேரத்தோடு நிலையத்துக்கு வந்துவிட்டேன். என் தாளில் சின்னையா என்ற பெயருக்கு எதிரே "இல்லை" என்று எழுதினேன். சிஸ்டருக்கு அன்று விடுமுறை. வேலையில் இருந்த நர்ஸ் தாளைப் பார்த்துவிட்டு, வேறு நாள் கொடுப்பதற்காகக் கோமதிக்கு இரண்டு முறை போன் போட்டிருக்கிறார். போன் லாக்கரில். யாரும் எடுக்கவில்லை.

ஞாயிறு ஒன்றும் தெரியாமல் போனது. திங்கள் காலை ஒன்பதரைக்கு, நான் நிலையத்தின் பின்னால் பாலில்லாத தே ஓ குடித்துக்கொண்டிருந்தபோது குழுவில் கோமதியின் செய்தி வந்தது.

"Appa ward la irukaru. Saturday van varala."

அந்த இரண்டாவது varalaவை நான் சரியாக வாசித்தேன். வேன் வரல. அதில் எந்தக் குழப்பமும் இல்லை. பிறகு சனிக்கிழமை செய்தியைத் தேடி எடுத்து வாசித்தேன். வரல என்று வாசித்தேன். வரலாம் என்று வாசித்தேன். நம் ஆட்கள் பேசும்போது வரலாம் என்பதில் கடைசி "ம்" மூக்கில் போய்விடும், எழுதும்போது காணாமல் போய்விடும். வாசிக்க வாசிக்க எழுத்துகள் மாறிக்கொண்டே இருந்தன.

அந்த நேரத்தில் நான் செய்திருக்க வேண்டியது அந்தப் பெண்ணுக்குப் போன் போடுவது. அதை நான் செய்யவில்லை. குழுவில் எழுத ஆரம்பித்தேன். "நான் தவறாக" என்று எழுதி அழித்தேன். "மழையினால்" என்று எழுதி அழித்தேன், ஏனென்றால் அது மழையினால் இல்லை. "மன்னிக்கவும்" என்று எழுதினேன், அது பாசார் நெரிசலில் காலை மிதித்துவிட்டுச் சொல்வது போல இருந்தது. அதையும் அழித்தேன். நாம் எழுதும்போதெல்லாம், இன்னார் எழுதிக்கொண்டிருக்கிறார் என்று மற்றவர்கள் போனில் காட்டும் என்பது எனக்கு அப்போது மறந்துவிட்டது. கால் மணி நேரம் அப்படிப் போராடியபின், வார்த்தையே வேண்டாம் என்று கைகூப்பும் படம் ஒன்றை மட்டும் போட்டேன். போனைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு உள்ளே போனேன்.

பையில் போன் நடுங்கிக்கொண்டே இருந்தது. திட்டுகிறார்கள் என்று நினைத்து எடுத்துப் பார்க்கவில்லை. இயந்திரங்கள் இருக்கும் கூடத்தைக் கடந்தபோது காதர் பாய் ஊசி குத்தாத கையை அசைத்து என்னைக் கூப்பிட்டார்.

"மணியம், எப்ப எடுக்குறாங்க?"

"பாய், இன்னும் நேரம் இருக்கு. பதினோரு மணிக்கு மேல ஆகும்" என்றேன்.

"என்னைய இல்ல லா. சின்னையாவ."

எனக்குப் புரியவில்லை. அவர் தன் போனைத் திருப்பிக் காட்டினார். என் கைகூப்புக்குக் கீழே வரிசையாக இரங்கல்கள். ஆன்மா சாந்தியடையட்டும். ஓம் சாந்தி. நல்ல மனிதர், சிரித்த முகம். அவரவர் வீட்டிலிருந்து இன்னும் பல கைகூப்புகள். காதர் பாயும் அவர் முறைப்படி ஒன்று எழுதியிருந்தார், இடது கையால், எழுத்துப் பிழைகளோடு. பிறகு அவர் சொன்னார்: "எழுதுற எழுதுறன்னே காட்டிட்டு இருந்துச்சு. அப்புறம் ஒரு கும்புடு. நீ கும்புடு போட்டா வேற என்னன்னு நெனைக்கிறது?"

அதற்குள் என் போன் மணி அடித்தது. கோமதி.

அந்தப் பெண் ஞாயிறு முழுக்க மருத்துவமனையில் இருந்துவிட்டு, விடுப்பு எழுதிக் கொடுப்பதற்காகக் காலையில் தொழிற்சாலைக்கு வந்திருந்தது. தேநீர் நேரத்தில் லாக்கரைத் திறந்து அந்தச் செய்தியை அனுப்பிவிட்டு, போனைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது.

"அங்கிள், ஆஸ்பத்திரியிலேந்து உங்களுக்குச் சொன்னாங்களா?"

நான் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும்.

"அங்கிள், அப்பாவுக்கு என்னாச்சு? எனக்கு ஏன் யாரும் சொல்லல?"

"அது மன்னிப்பும்மா" என்றேன்.

"என்ன?"

"கைகூப்புனது. உங்கிட்ட மன்னிப்புக் கேட்டேன். அப்பாவுக்கு ஒன்னும் இல்ல. எனக்கு எதுவும் தெரியாது."

பின்னால் ஏதோ இயந்திரச் சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பெண் மெதுவாகச் சொன்னது: "வாயத் தொறந்து ஒரு வார்த்த கேக்க மாட்டீங்களா அங்கிள்? சனிக்கெழமையும் கேக்கல. இன்னிக்கும் கேக்கல." போனை வைத்துவிட்டது.

நான் அப்படியே போய் சிஸ்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் உடனே மருத்துவமனையின் வார்டுக்குப் போன் போட்டார். சின்னையா அண்ணன் உயிரோடுதான் இருக்கிறார், முந்தைய நாளே அங்கே ரத்தம் கழுவிவிட்டார்கள் என்று தெரிந்துகொண்டு, குழுவில் விஷயத்தை எழுதினார். இரங்கல்கள் ஒவ்வொன்றாக அழிக்கப்பட்டன. ஆனால் அழித்தாலும், இங்கே ஒரு செய்தி இருந்தது, அழிக்கப்பட்டது என்று ஒரு வரி நிற்கும். அன்று எங்கள் குழு முழுக்க அந்த வரிகள்தான்.

பிறகு சிஸ்டர் கதவைச் சாத்தி என்னை உட்காரச் சொன்னார். சனிக்கிழமை செய்தியை எடுத்து என் முன்னால் வைத்து, சத்தமாக வாசிக்கச் சொன்னார்.

"அப்பா வரல" என்று வாசித்தேன்.

அவர் தலையை ஒரு தடவை ஆட்டிவிட்டு, தானே வாசித்தார். "அப்பா வர லா." அதாவது, எங்கள் ஊர்ப் பேச்சில் அழுத்தத்துக்குச் சேர்க்கிற லா: அப்பா வராமல் எங்கே போகிறார், வருகிறார் லா, என்று. இடைவெளி விட்டு எழுதியதால் அவருக்கு அப்படிக் கேட்டிருக்கிறது. அந்த எண்ணத்தோடுதான் நோட்டட் போட்டாராம். கோமதி எழுத நினைத்தது வரலாம் என்று பிறகு தெரிந்தது, காய்ச்சல் விட்டுவிட்டதால். என் கட்டைவிரலைப் பார்த்ததும் வேன் போகும் என்று நம்பி லாக்கரைப் பூட்டியிருக்கிறது. ஒரு செய்தி, மூன்று பொருள், மூன்று பேருக்கும் திருப்தி.

"நானும்தான் வாசிச்சேன் மணியம். நானும்தான் நோட்டட் போட்டேன்" என்றார் சிஸ்டர். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அன்றிலிருந்து வருவதற்கு yes, வராததற்கு no என்று மட்டும் எழுத வேண்டும் என்று புதுச் சட்டம் வந்தது. அது ஒரு வாரம்கூடச் சரியாக நடக்கவில்லை. நான் ஒருவரிடம் "நாளைக்கு அம்மா வரலையா?" என்று எழுதிக் கேட்டேன். Yes என்று பதில் வந்தது. ஆமாம், வரவில்லை என்கிறாரா, வருகிறார் என்கிறாரா? நம்மிடம் அதற்கும் இதற்கும் ஆமாம்தான். சட்டம் போட்ட சிஸ்டருக்கும் பதில் தெரியவில்லை. குறிப்பு எழுதச் சொன்னால் எனக்கு ஏன் கை ஓடவில்லை என்று இப்போது புரியும்.

அந்தத் திங்கள் மாலை மருத்துவமனைக்குப் போனேன். வார்டு வாசலிலிருந்து இரண்டு முறை திரும்பி, மூன்றாவது முறை உள்ளே போனேன். கோமதி கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. குரலுக்கு ஏற்ற முகமாக இல்லை, சின்னப் பெண்ணாக இருந்தது. என்னைப் பார்த்து எழுந்து நாற்காலியை என் பக்கம் தள்ளியது. சின்னையா அண்ணன் மூக்கில் குழாயோடு சாய்ந்திருந்தார். கால் வீக்கம் இன்னும் வடியவில்லை.

"வாப்பா மணியம். நான் செத்ததுக்கு யார் யாரு அழுதானுங்க, வாசி" என்றார்.

அழித்துவிட்டார்கள் அண்ணே என்றேன். அவருக்கு உண்மையிலேயே ஏமாற்றம். காதர் பாய் என்ன எழுதினார் என்று மட்டுமாவது சொல்லச் சொன்னார். எனக்கு நினைவில் இருந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

பிறகு நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். சனிக்கிழமை வேன் வராதபோது மகளுக்கு ஏன் போன் போடவில்லை என்று. அவர் மகளை ஒரு பார்வை பார்த்தார். அன்று மாலை கோமதி போன் போட்டபோது, போய்விட்டு வந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறார். ஞாயிறு விடியலில் மூச்சு வாங்கியபோதுதான் வேன் வராததைச் சொன்னாராம்.

"எட்டு மணி வரைக்கும் வாசல் கேட்டுக்கிட்ட பைய வச்சிக்கிட்டு நின்னேன் தம்பி. அப்புறம் வேன் வரலன்னு தெரிஞ்சதும் எனக்கு என்னமோ சந்தோசம்தான் லா. நல்ல மழை. ஒரு நாளு ஊசி இல்ல. போயி போத்திப் படுத்துக்கிட்டேன்."

கோமதி ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டது.

எனக்கும் அன்று அதே சந்தோஷம்தான். வரல என்று வாசித்தபோது, அந்தச் செம்மண் சாலைக்குப் போக வேண்டாம் என்று மனம் லேசானது. அது லேசானதால் அப்படி வாசித்தேனா, அப்படி வாசித்ததால் லேசானதா என்று எனக்குத் தெரியாது. எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். வாசித்தபோது சந்தேகமே வரவில்லையா என்று யாராவது கேட்டால், வந்தது என்றுதான் சொல்வேன். ஒரு கொசு உட்கார்ந்து எழுந்த அளவுக்கு வந்தது. அந்த நேரத்தில் ஒரு போன் போட்டிருந்தால் முடிந்திருக்கும். அண்ணன் தன்னுடையதை மகள் முன்னாலேயே சொல்லிவிட்டார். நான் என்னுடையதை அங்கே சொல்லவில்லை. இதோ இப்போதுதான் எழுதுகிறேன்.

கிளம்பும்போது கோமதி வார்டு வாசல் வரை வந்தது. "கடைசில எம் போட மறந்துட்டேன் அங்கிள்" என்றது. இல்லம்மா, நான் கேட்க மறந்துட்டேன் என்று சொல்ல நினைத்தேன். தலையை ஒரு தடவை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் செவ்வாய். காலை நாலு நாற்பதுக்குக் கோமதியிடமிருந்து செய்தி வந்தது: "Appa innaiku varala. Ward." நான் கட்டைவிரல் போடவில்லை. வேனைக் கிளப்பாமல் நிறுத்தி வைத்துவிட்டுப் போன் போட்டு, வரலயா வரலாமா என்று கேட்டேன். வரல அங்கிள், இன்னும் ரெண்டு நாள் வார்டுதான் என்றது. சரிம்மா என்றேன். மற்ற நாலு பேரை ஏற்றிக்கொண்டு ஆறு இருபதுக்கு நிலையத்தில் இறக்கினேன்.